பொன்முட்டையும் பன்னிரண்டு சதவீதமும்

ஜனவரி 18

டாக்டர் சொன்னதற்காக எழுதுகிறேன். பிரஷர் ஏறிப்போயிருக்கிறதாம். கோபத்தை மனிதர்களிடம் காட்டாமல் தாளில் காட்டினால் தானாக இறங்கும் என்கிறார். எனக்குக் கோபமே வராது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பூங்கொடி டாக்டரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதற்கு வந்த கோபத்தை முதல் வேலையாக இங்கே இறக்கிவைக்கிறேன்.

டைரி என்றால் என்றைக்காவது யாராவது படிப்பார்கள். ஆகவே முறையாக அறிமுகம். பெயர் நல்லசிவம். வயது ஐம்பத்திரண்டு. நாமக்கல் மோகனூர் ரோட்டில், தீவனக் கடைக்கு மேல்மாடியில் 'சிவம் சாப்ட்வேர்ஸ்' நிறுவனத்தின் உரிமையாளர். எங்கள் 'பொன்முட்டை' சாப்ட்வேரைக் கேள்விப்படாத கோழிப்பண்ணை இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. ஷெட்டில் எத்தனை கோழி, இன்றைக்கு எத்தனை முட்டை, எத்தனை செத்தது, எத்தனை மூட்டை தீவனம், லாரியில் எத்தனை அட்டை முட்டை ஏறியது என்று போட்டால் லாபமா நட்டமா என்று சாயங்காலமே சொல்லிவிடும். வெல்டோரா என்கிற கம்பெனியின் கையடக்கக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். கீழே விழுந்தாலும் உடையாது, கோழி எச்சம் பட்டாலும் கெடாது என்பதால் பண்ணைக்காரர்கள் அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

சாப்ட்வேரை எழுதியது ஜெயசுதா என்கிற பெண். ராசிபுரத்துக்காரி. எழுதியது அவள் என்றாலும் யோசனை என்னுடையது. கோழிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் என்ன என்று இந்த ஊரில் முதலில் கேட்டவன் நான். மற்றதெல்லாம் டைப் அடிக்கிற வேலை.

ஜனவரி 21

வெல்டோராவின் பெங்களூர் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர்கள் கம்ப்யூட்டருக்கு சாப்ட்வேர் எழுத வேண்டுமென்றால் அவர்களே கொடுக்கிற டூல்கிட்டை வைத்துத்தான் எழுத முடியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் நாங்களும் அதை இறக்கிக்கொண்டுதான் எழுதினோம். அந்த டூல்கிட்டில் எழுதியதை ஒரு நிறுவனம் விற்றால், விற்கிற ஒவ்வொரு காப்பிக்கும் விலையில் பன்னிரண்டு சதவீதம் ராயல்டி கட்ட வேண்டுமாம். ஐந்து வருடப் பாக்கியையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதிகாரி ஒருவர் நேரில் வருவாராம்.

சுத்தியல் விற்ற கடைக்காரன், அந்தச் சுத்தியலால் அடித்த ஒவ்வொரு நாற்காலிக்கும் காசு கேட்டு வாசலில் வந்து நின்றால் எப்படி இருக்கும்? நான் வெயிலில் பண்ணை பண்ணையாக அலைந்து, பண்ணைக் கவுண்டர்களுக்கு நேரம் ஒழியும்வரை காத்திருந்து விற்பேன். அவன் ஏசி ரூமில் உட்கார்ந்து பங்கு கேட்பான். அடுத்தவன் உழைப்பில் கை வைக்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஜெயசுதாவைக் கூப்பிட்டேன்.

"இப்பிடி ஒரு ரூல் இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க சார். அப்பவே சொன்னனுங்க."

"எப்பச் சொன்ன?"

"டூல்கிட் எறக்குன அன்னைக்குங்க. நீங்க போன் பேசிட்டிருந்தீங்க. சரி சரின்னு கைய ஆட்டுனீங்க."

போன் பேசுகிறவனிடம் சொல்வது சொன்னதில் சேர்த்தியா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது.

ஜனவரி 22

இன்று கோபம் இல்லை. குழம்பில் உப்பும் இல்லை.

ஜனவரி 25

முகூர்த்த நாள். எங்கள் பக்கம் பொன்முட்டையை வெறும் நாளில் ஏற்ற மாட்டார்கள். நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, அந்த வீட்டு மருமகள் கையால் முதல் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். மார்கழி முழுக்க ஈ ஓட்டினேன். தை பிறந்ததும் மூச்சு விட நேரமில்லை. இன்று ஒருநாளில் மட்டும் புதுச்சத்திரத்தில் இரண்டு, எருமப்பட்டியில் மூன்று, சேந்தமங்கலத்தில் இரண்டு. சாப்ட்வேர் ஏற்றியவனுக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடி கொடுத்தனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஏழு மூடியோடு வீடு வந்து சேர்ந்தேன். பிரிட்ஜைத் திறந்தால் ஏற்கெனவே இருந்த மூடிகள் காலில் விழுகின்றன.

எருமப்பட்டியில் வெயில் தாங்கவில்லை. மோர் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்.

ஜனவரி 31

சம்பள நாள். ஜெயசுதாவுக்குச் சம்பளம் போக ஒரு காப்பிக்கு ஐந்நூறு ரூபாய் பங்கு உண்டு. ஆரம்பத்தில் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க முடியாத நேரத்தில் வாய் தவறிச் சொன்னது. சில பேர் ஒரு வார்த்தையைப் பிடித்தால் விடவே மாட்டார்கள்.

"இந்த மாசம் எத்தன போச்சுங்க சார்?"

"மூணு."

"தை மாசங்க சார்."

"தையா இருந்தா என்ன? முட்ட வெல எறங்கிக் கெடக்குது. எவன் வாங்கறான்?"

ஆயிரத்து ஐந்நூறை வாங்கி எண்ணிப் பார்த்து வைத்துக்கொண்டாள். மூன்று நோட்டை எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது?

பூங்கொடி வழக்கம்போலத் தேங்காய் பர்பி கிண்டி ஒரு டப்பா ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினாள். ஜெயசுதாவும் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு பூங்கொடிக்குப் போன் போட்டு, "இந்தத் தடவ எத்தன மூடி அரைச்சீங்கக்கா?" என்று விசாரித்தாளாம். இருபத்தாறு என்று இவள் சொன்னாளாம். ஒவ்வொரு தடவையும் தவறாமல் கேட்பாள். சமையலில் அக்கறை உள்ள பெண். போகிற வீட்டில் நன்றாகப் பிழைத்துக்கொள்வாள்.

பிப்ரவரி 2

ஆடிட்டர் வைத்தியநாதனிடம் நோட்டீசைக் காட்டினேன். ஒரு காப்பி ஆறாயிரம் ரூபாய்க்கு விற்கிறோம். அதில் பன்னிரண்டு சதவீதம் எழுநூற்று இருபது. ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால் வீட்டை விற்றால்தான் முடியும் என்றார். அப்பா கட்டிய வீடு. எனக்குக் கண் இருட்டிவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு, டூல்கிட்டை யார் பெயரில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்தால் வருடத்துக்கு நாற்பதாயிரம் கேட்டார்கள். தனிநபர் என்றால் ஆயிரத்து இருநூறுதான். ஜெயசுதாவின் டிகிரி சர்டிபிகேட்டையும் ஆதாரையும் கொடுத்து அவள் பெயரிலேயே பதிவு செய்துவிட்டேன். அப்போது எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்று பாராட்டினார்கள். எல்லாரும் என்றால் முக்கியமாக நான்.

ஆடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பறம் என்ன சார்? பதிவு பண்ணினவங்களோட சாப்ட்வேர்தானே அது? எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, சாப்ட்வேர் அந்தப் பொண்ணோடது, நான் அவளுக்காக வித்துக் குடுத்தேன், அவ்வளவுதான்னு எழுதிக் குடுத்திடுங்கோ. நோட்டீஸ் அந்தப் பக்கம் போயிடும்."

வீடு தப்பித்தது. ஜெயசுதாவை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவளுடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டானவர். அந்தக் கஷ்டத்தோடேயே இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 3

ராத்திரி முழுக்க ஜெயசுதாவைப் பற்றியே யோசனை. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ராயல்டி அவள் தலையில் விழுந்தால் அவளை நடுத்தெருவில் விட்டுவிட மாட்டேன். வேண்டிய பணத்தை நானே கடனாகக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். வெளியில் மூன்று வட்டி வாங்குகிறார்கள். அவளுக்கு இரண்டு போதும். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். அப்படியே பத்துப் பதினைந்து வருடம் நம்மிடமே வேலை பார்த்துவிடுவாள். ஒரு குடும்பத்துக்கு நிரந்தர வேலைக்கு வழி செய்த மாதிரியும் ஆகும்.

பூங்கொடியிடம் சொன்னேன்.

"நீங்களே மாட்டிவுட்டு, நீங்களே வட்டிக்கும் குடுப்பீங்களா?" என்றாள்.

நல்லது செய்ய நினைத்தால் முதலில் வீட்டிலிருந்துதான் எதிர்ப்பு வரும்.

பிப்ரவரி 7

வெல்டோராவின் ராயல்டி அதிகாரி வந்தார். பெயர் ஹெக்டே. ஒரு வில்லனை எதிர்பார்த்திருந்தேன். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒல்லியாக இருந்தார். காபியில் சர்க்கரை வேண்டாம் என்றார். பதிவு செய்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டதால் ஜெயசுதாவையும் உட்காரவைத்தேன். அவளைப் பார்த்ததும், "உங்க மெயில் எல்லாம் பார்த்தேன் மேடம், ரொம்ப கிளியரா எழுதியிருக்கீங்க" என்றார். ஏதோ டெக்னிக்கல் சந்தேகம் கேட்டு எழுதியிருப்பாள் போல. ஆபீஸ் நேரத்தில் மெயில் அனுப்புவதைப் பற்றித் தனியாகக் கண்டிக்க வேண்டும்.

ஹெக்டே சுவரில் மாட்டியிருந்த பிளெக்ஸைப் பார்த்தார். போன வருடம் கோழிப்பண்ணையாளர் சங்க மாநாட்டுக்கு நான் அடித்தது. கோட்டு போட்ட என் படம். கீழே, 'ஐயாயிரம் பண்ணைகளின் நம்பிக்கை'.

"ஐயாயிரமா சார்? அப்போ ராயல்டி முப்பத்தாறு லட்சம் ஆகுது."

எனக்கு வியர்த்துவிட்டது. "அது விளம்பரங்க. விளம்பரத்துல ஒண்ணு ரெண்டு கூடத்தான் இருக்கும்."

"கரெக்டா எத்தனை?"

ஜெயசுதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இத்தனை வருடம் என்ன சொல்லி வந்தேனோ அதையே சொல்வதுதான் நாணயம்.

"இருநூத்திப் பதினாலு."

ஹெக்டே தன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பொன்முட்டையை முதல் தடவை திறக்கும்போது டூல்கிட் தானாகவே அவர்கள் ஆபீசுக்கு ஒரு தகவல் அனுப்பிவிடுமாம். இப்படி ஒரு ஒட்டுக்கேட்கிற வேலை நடப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"ஆயிரத்து முன்னூத்தி எண்பத்தாறு சார். தேதி வாரியா, ஊர் வாரியா இருக்குது. போன மாசம் மட்டும் இருபத்தாறு."

ஜெயசுதா பேனாவை எடுத்து உள்ளங்கையில் அந்த எண்ணை எழுதிக்கொண்டாள். ராயல்டி பயமாக இருக்கும். பாவம்.

நான் சமாளித்துக்கொண்டு ஆடிட்டர் சொல்லிக் கொடுத்ததை எடுத்துவிட்டேன். பதிவு அவள் பெயரில், சாப்ட்வேர் அவளுடையது, நான் வெறுமனே விற்றுக் கொடுத்தவன். ஹெக்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படி நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டா, உங்ககிட்ட கேக்கறதுக்கு எங்களுக்கு ரைட் இல்லை சார். ஆனா நல்லா யோசிச்சுப் பண்ணுங்க."

என்னை யோசிக்கச் சொல்கிறார். இந்த வட்டாரத்தில் யோசனைக்காகவே என்னைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 8

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வந்து ஒரு வயரை மாட்டிவிட்டு முந்நூறு வாங்கிக்கொண்டு போனான். கொள்ளை.

பிப்ரவரி 11

இன்று கையெழுத்து. ஆடிட்டர் வாசகத்தை அழகாக அடித்துக் கொண்டுவந்திருந்தார். பொன்முட்டை என்கிற சாப்ட்வேர் முழுக்க முழுக்கச் செல்வி ஜெயசுதாவின் சொத்து, அதன் பெயர், உரிமை, வரவு எதிலும் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, அவருக்காக நான் விற்றுக் கொடுத்தேன், அவ்வளவே. ஹெக்டே பெங்களூரிலிருந்து மறுபடியும் வந்திருந்தார். ஆடிட்டரும் தீவனக் கடைக்காரரும் சாட்சி.

நான் பேனாவைத் திறந்ததும் ஜெயசுதா கேட்டாள்.

"சார், படிச்சுப் பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சு."

"எதுக்கும் வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயி ஒருக்காப் படிச்சுட்டு நாளைக்குப் போடுங்க சார். வரவுன்னெல்லாம் எழுதியிருக்குதுங்க."

கடைசி நேரத்தில் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அவள்மேல் இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. தோளில் தட்டி, "பயப்படாத. நான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஹெக்டே ஒரு நகலை அவளிடம் கொடுத்தார். அவள் அதை நான்காக மடிக்காமல், மடிப்பே விழாமல் ஒரு பைலில் வைத்தாள்.

அவளுக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக் கொடுத்தேன். கடன் விஷயத்தையும் ஜாடையாகச் சொல்லிவைத்தேன். இரண்டு வட்டி என்றதும், "தேவப்பட்டா கேக்கறனுங்க சார்" என்றாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. அதிர்ச்சியில் அப்படித்தான் இருப்பார்கள்.

பிப்ரவரி 12

ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்த எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிரஷர் பார்த்தேன். இறங்கியிருக்கிறது. டைரிக்கும் இதில் பங்கு உண்டு.

பிப்ரவரி 20

வெல்டோராவிலிருந்து மெயில். ஜெயசுதாவுக்கு அனுப்பி எனக்கு நகல் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்று பார்க்கத் திறந்தேன். இங்கிலீஷ் புரியாமல் ஆடிட்டருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவரே போன் செய்தார். குரல் சரியில்லை.

"சார், ராயல்டி இல்லயாம்."

"யாருக்கு இல்ல?"

"அந்தப் பொண்ணுக்கு. தனிநபர் ஒருத்தர் தானா எழுதின சாப்ட்வேரா இருந்தா ரெண்டாயிரம் காப்பி வரைக்கும் ராயல்டி கிடையாதாம். நிறுவனம் வித்தாத்தான் பன்னெண்டு சதவீதம். அது அவங்க ரூல்லயே இருக்காம், அந்தப் பொண்ணு முன்னாடியே மெயில் போட்டுக் கேட்டிருக்காளாம். ஆயிரத்து முன்னூத்திச் சொச்சம்தானே போயிருக்கு?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளும் தப்பித்தாள், நானும் தப்பித்தேன். ஒரு பைசா செலவில்லாமல் காரியம் முடிந்ததே என்றேன்.

ஆடிட்டர் அந்தப் பக்கம் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சார், சாப்ட்வேர் அவளோடதுன்னு எழுதிக் குடுத்திருக்கேளே" என்றார்.

பிப்ரவரி 21

வாசகத்தை இன்றுதான் முழுக்கப் படித்தேன். நான்கு தடவை படித்தேன். எப்படிப் படித்தாலும் அதேதான் வருகிறது. பொன்முட்டை அவளுடையது. பெயர் அவளுடையது. நான் அவளுக்காக விற்றுக் கொடுத்தவன். அப்படியானால் இதுவரை விற்ற பணம் எண்பத்து மூன்று லட்சமும் அவளுக்காக நான் வாங்கி வைத்திருக்கிற பணம் என்று அவள் கேட்டால், இல்லை என்று சொல்ல முடியாது என்கிறார் ஆடிட்டர். வெல்டோராவுக்குக் கட்டியிருந்தால் பத்து லட்சத்தில் முடிந்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார். யார் கேட்டது?

"நீங்கதானய்யா எழுதச் சொன்னது" என்று கத்தினேன். கையெழுத்து உங்களுடையது என்றார். அவருக்கு இந்த மாதம் பீஸ் கிடையாது.

பிரஷர் மாத்திரை இரண்டு போட்டேன்.

பிப்ரவரி 22

பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 23

பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் புள்ளகிட்ட மாசம் மூணு, மாசம் நாலுன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

"வியாபாரத்துல அதெல்லாம் சகஜம்."

"அடப்பாவமே. நான் ஒவ்வொரு வாட்டியும் அவகிட்ட எத்தன மூடின்னு கரெக்ட்டா சொல்லிட்டிருந்தனே. 'இருங்கக்கா, நோட்டுல குறிச்சுக்கறேன்'னு சொல்லுவா. தேங்கா மூடிக் கணக்க எதுக்குக் குறிச்சு வெக்கறாள்னு எனக்கே தோணிச்சு."

என்னிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். இந்த வீட்டில் யாரை நம்புவது என்று தெரியவில்லை. எதிரி பெங்களூரில் இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, வீட்டு பிரிட்ஜே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

பிப்ரவரி 25

ஜெயசுதா வேலையை விடுவதாகச் சொல்லிப் பேச வந்தாள். எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் நான் சொல்லாமல் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நான் எண்பத்து மூன்று லட்சத்துக்குத் தயாராக இருந்தேன். தயார் என்றால், அழுவதற்கு.

"வித்த காசெல்லாம் எனக்கு வேண்டாங்க சார். அலைஞ்சது நீங்க, பேசி வித்தது நீங்க. அது உங்க உழைப்புங்க."

எனக்கு மூச்சு வந்தது.

"காப்பிக்கு ஐநூறுன்னு சொன்னீங்கள்ல. ஆயிரத்து முன்னூத்தி எண்பத்தாறுக்கு அத மட்டும் குடுங்க. இருநூத்திப் பதினாலுக்குக் குடுத்தத கழிச்சிட்டு. பொன்முட்டைய நான் எடுத்துக்கறேன். அத நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

"அஞ்சு லட்சத்துக்கு மேல வருதே, ஜெயசுதா."

"அஞ்சு லட்சத்து எண்பத்தாறாயிரம் வருதுங்க. மெதுவா குடுங்க சார். வட்டி வேண்டாம்."

கடைசி வார்த்தையை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நாள் சம்பளம் கொடுத்து வேலை கற்றுக்கொடுத்த என்னிடம் இப்படியா? ஆனாலும் எழுந்துபோய் அவளுக்கு நானே காபி போட்டுக் கொண்டுவந்தேன்.

மார்ச் 3

ஆபீசில் பேன் சுற்றுகிறது, வேறொன்றும் இல்லை. பண்ணைக்காரர்கள் சந்தேகம் கேட்டு எனக்குத்தான் போன் செய்கிறார்கள். ஜெயசுதாவின் நம்பரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்று மட்டும் பதினான்கு பேருக்குக் கொடுத்தேன். சங்கத் தலைவர் பெரியண்ணன், "என்னப்பா, சாப்ட்வேர் உன்னுதுன்னு இத்தன வருஷமா மேடை மேடையாப் பேசுன, அந்தப் புள்ளையுதாமே?" என்று கேட்டார். நம்ம பொண்ணுதானே, வளர்த்துவிடலாம் என்று நான்தான் முழு மனதோடு எழுதிக் கொடுத்தேன் என்றேன். பெரிய மனசு என்றார். இந்த ஊரில் ஒருத்தராவது புரிந்துகொள்கிறார்களே.

பிளெக்ஸைக் கழற்றிவிட்டேன். பூங்கொடி அதை மொட்டை மாடியில் வடகம் காயப் போட எடுத்துக்கொண்டாள். கோட்டு போட்ட என் முகத்தின்மேல் கூழ் வடகம்.

மார்ச் 10

சேந்தமங்கலம் ரோட்டில் ஜெயசுதாவின் புது ஆபீஸ் திறப்பு. போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பூங்கொடி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள். நல்ல கூட்டம். பாதிப் பண்ணைக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்று முன்வரிசையில் உட்காரவைத்தாள். அவளுடைய அப்பா, அந்தக் கண்டக்டர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி ஒரு மனிதர் கிடைப்பாரா என்றார். அவரிடம் அவள் என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை. கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் ஜாஸ்தி.

மார்ச் 16

காலையில் ஜெயசுதா வீட்டுக்கே வந்தாள். பூங்கொடி இட்லி வைத்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"எழுதறது எனக்கு வரும்ங்க சார். பண்ணைக்காரங்ககிட்ட போயி உக்காந்து, ஊர்க்கதை பேசி, விக்கறதுக்கு உங்கள விட்டா ஆளில்லைங்க. நீங்க வித்துக் குடுங்க. காப்பிக்கு ஆயிரம் தர்றேன். அதுல பாதிய உங்க பாக்கியில கழிச்சுக்கலாம்."

அவளிடம் போய்ச் சேருவதா என்று ஒரு நிமிடம் ரோஷம் வந்தது. ஆனால் சொன்னது உண்மைதானே. இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் யார் விற்பார்கள்? கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டுச் சரி என்றேன்.

"விக்கறது எல்லாம் நீங்க போறதாலதான் விக்கும்னு இல்லைங்க, சில பேரு நேராவும் எங்ககிட்ட வருவாங்க. உங்க பேரச் சொல்லி வந்தா அதுவும் உங்க கணக்குத்தான். மாசக் கடைசியில எத்தன போச்சுன்னு நீங்க என்னக் கேக்க வேண்டாம் சார். எங்க ஏறுனாலும் அந்த நிமிஷமே உங்க போன்ல நம்பர் கூடிரும். அதுக்குன்னு தனியா எழுதிட்டனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன அவளைச் சந்தேகப்படுகிற ஆளா? மூன்று என்று அவள் சொன்னால் மூன்றுதான் என்று நம்ப மாட்டேனா? ஐந்து வருடம் கூடவே இருந்தும் என்னை இவ்வளவுதான் புரிந்துவைத்திருக்கிறாள். மனசு மிகவும் வலித்தது. பூங்கொடி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருந்தாலும் போனை நீட்டினேன். போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானம் புதுச்சத்திரத்தில் ஒரு பண்ணையில் பேசி முடித்து, அங்கேயே ஏற்றிக் கொடுத்தேன். ஒன்று என்று காட்டியது. சாயங்காலம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்று காட்டுகிறது. யாரோ என் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

மூன்றுதானா, இன்னும் போயிருக்குமா என்று நாளைக்கு அவள் ஆபீசுக்கே நேரில் போய் விசாரித்துவிட்டு வர வேண்டும்.